108 தொழிலாளர்களின் தகுதியை எதைக் கொண்டு அளப்பது?

(கொடைக்கானல் மலைப்பகுதி இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்புப் பேசுகிற கூட்டத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்களின் பதிவுச் சட்டத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது. ஒரு வேலையைச் செய்து பழகியவர் யார் என்பது ஒரு கேள்வி. அந்த வேலைக்குத் தகுதியானவர் என்று ஏட்டில் எழுதப்படுபவர் யார் என்பது இன்னொரு கேள்வி. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் இந்த நாட்டில் சாதி பலமுறை வசதியாகக் குடியேறியிருக்கிறது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த இடைவெளி 108 தொழிலாளர்களுக்கு முன்னால் திறக்கப் போகிறது. அது திறக்கும் முன்பே நாம் பேசிவிட வேண்டும்.

இந்த மலையிலிருந்தே தொடங்குகிறேன். கொடைக்கானலிலிருந்து மதுரைக்கு சுமார் 120 கிலோமீட்டர், பழனிக்கு சுமார் 65 கிலோமீட்டர். ஆனால் மலையில் கிலோமீட்டர் கணக்கு ஒரு பொய்க் கணக்கு. மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை போன்ற மேல்மலை ஊர்களில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு வந்து சேர்வதே ஒரு பயணம். அங்கிருந்து தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரைக்கோ கொண்டு போகச் சொன்னால், கொண்டை ஊசி வளைவுகளில் இன்னொரு நீண்ட பயணம். கோடை விடுமுறை என்றால் சுற்றுலா வண்டிகள் வேறு வரிசைகட்டி நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மரங்கள் விழுந்து சாலைகளே இல்லாமல் போனதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள்.

சாலையே இல்லாத ஊர்களின் கதை தனி. வெள்ளகவி ஊராட்சியின் சின்னூர், பெரியூர் மக்கள் நோயாளியை டோலி கட்டித் தோளில் சுமந்து, கல்லாற்றைக் கடந்து, பெரியகுளம் பக்கம் இறங்குகிறார்கள். ஆற்றில் வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. பளியர்களும் புலையர்களும் ஏழை விவசாயக் கூலிகளும் வாழும் குடியிருப்புகளுக்கு இது செய்தித்தாளில் ஆண்டுக்கு ஒருமுறை வரும் செய்தி. அவர்களுக்கு அது அன்றாட வாழ்க்கை.

இப்போது ஒரு கணக்கு. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தைத் தொடங்கியது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். நல்ல திட்டம், வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் மேல்மலையில் விபத்தில் சிக்கியவரைப் பொறுத்தவரை, அந்த 48 மணி நேரத்தில் மிக முக்கியமான முதல் இரண்டு மூன்று மணி நேரம் ஆம்புலன்சுக்குள்ளேயே போய்விடும். அந்த நேரத்தில் அவருக்கு டாக்டர் யார்? நர்ஸ் யார்? பின்பக்கம் உட்கார்ந்திருக்கிற ஒரே ஒருவர்தான். அவரை இ.எம்.டி. என்கிறோம், அவசரகால மருத்துவ உதவியாளர் என்கிறோம். ரத்தப்போக்கை நிறுத்துவது, ஆக்சிஜன் கொடுப்பது, உடைந்த எலும்பை அசையாமல் கட்டுவது, வளைவுகளில் வண்டி ஆடும்போதே பிரசவம் பார்ப்பது எல்லாம் அவர் கையில். கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் மருத்துவரிடம் போனில் ஆலோசனை கேட்கலாம். சிக்னல் இருந்தால்!

சமவெளி நகரத்தில் இ.எம்.டி.யின் கையில் நோயாளி பதினைந்து, இருபது நிமிடம் இருப்பார். இங்கே மணிக்கணக்கில் இருக்கிறார். ஆகவே இ.எம்.டி.யின் தகுதி, பயிற்சி, பதிவு பற்றிய கேள்வி சென்னையை விடக் கொடைக்கானலுக்குத்தான் அதிகம் சுடும்.

தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அரசுப் பணம், அரசு வண்டி, ஆனால் நடத்துவது தனியார் நிறுவனம். ஜி.வி.கே. இ.எம்.ஆர்.ஐ. என்ற பெயரில் தொடங்கி, இப்போது இ.எம்.ஆர்.ஐ. கிரீன் ஹெல்த் சர்வீசஸ் என்ற பெயரில் நடக்கிறது. தொழிலாளர்கள் அரசு ஊழியர்கள் இல்லை. 12 மணி நேர வேலையை 8 மணி நேரமாக்கு என்று தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

இந்த வேலைக்கு ஆளெடுக்கும் விளம்பரங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம்., ஏ.என்.எம்., டி.எம்.எல்.டி. படித்தவர்கள் வரலாம். விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் போன்ற பாடங்களில் பட்டம் வாங்கியவர்களும் வரலாம். தேர்வானவர்களுக்கு வகுப்பறை, மருத்துவமனை, ஆம்புலன்ஸ் என்று சுமார் 50 நாள் பயிற்சி. அதன் பிறகு வண்டியில் ஏற்றிவிடுவார்கள். அரசுக் கலைக் கல்லூரியில் விலங்கியல் படித்த, குடும்பத்தில் முதல் பட்டதாரியான ஒரு பிள்ளைக்கு, டாக்டராக முடியாமல் போனாலும் ஓர் உயிரைக் காப்பாற்றும் வேலை கிடைத்தது இந்த வழியில்தான். 'நீட்' வந்த பிறகு இந்த வழியின் அருமை இன்னும் கூடியிருக்கிறது.

அடுத்து, சட்டம். 2021இல் நாடாளுமன்றம் துணைநிலை, நலவாழ்வுத் தொழில்முறையாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. டாக்டருக்கு ஒரு கவுன்சில் உண்டு, நர்சுக்கு உண்டு, மருந்தாளுநருக்கு உண்டு. லேப் டெக்னீசியன், பிசியோதெரபிஸ்ட், அறுவை அரங்க உதவியாளர் போன்றவர்களுக்கு நாடு முழுமைக்குமான ஒரு பதிவு இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைப் போக்கவே இந்தச் சட்டம். அதன் அட்டவணையில் அவசரகால மருத்துவத் தொழில்நுட்பர், அதாவது பாராமெடிக்கும் இருக்கிறார். தேசிய அளவில் ஆணையம், மாநிலங்களில் பேரவை, இரண்டிலும் பதிவேடு. மாநிலங்கள் மெத்தனமாக இருந்ததால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கண்டித்து இரண்டு மாதக் கெடு விதித்தது.

பதிவேடு வருவதை நான் எதிர்க்கவில்லை. பதிவு இருந்தால் மரியாதை இருக்கும், வேலைக்கு ஒரு பெயர் இருக்கும், வேறு மாநிலத்துக்கோ வெளிநாட்டுக்கோ போனாலும் செல்லும். சாலையில் போகிற ஒருவர் விபத்தில் சிக்கியவருக்கு உதவினால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து காப்பாற்றுகிறது. ஆனால் அந்தப் பாதுகாப்பு, எந்தக் கைம்மாறும் எதிர்பாராமல் தானாக முன்வந்து உதவுபவருக்கு மட்டும்தான். சம்பளம் வாங்கும் இ.எம்.டி. அந்த வரையறைக்குள் வரமாட்டார். எதைச் செய்ய அவருக்கு அதிகாரம் உண்டு, எதற்கு இல்லை என்று எழுதிவைத்த பதிவு இருந்தால் அவருக்கும் பாதுகாப்பு, நோயாளிக்கும் பாதுகாப்பு.

சிக்கல் அந்தச் சட்டத்தின் வரையறையில் இருக்கிறது. துணைநிலை நலவாழ்வுத் தொழில்முறையாளர் என்றால், 2 முதல் 4 ஆண்டுகளில், 2000 மணி நேரத்துக்குக் குறையாமல் படித்த பட்டயமோ பட்டமோ வைத்திருக்க வேண்டும். நம் விலங்கியல் பட்டதாரியின் 50 நாள் பயிற்சியை நாளுக்கு 8 மணி நேரம் என்று தாராளமாகப் போட்டாலும் 400 மணி நேரம்தான். நர்சிங் படித்தவருக்கு அவருடைய கவுன்சில் இருக்கிறது. விலங்கியல் படித்தவர் எந்தக் கவுன்சிலுக்கும் சொந்தமில்லை. இந்த வரையறையை எழுத்துக்கு எழுத்து பொருத்தினால், பத்து ஆண்டு மலைப்பாதையில் உயிர் காத்தவர் பதிவேட்டுக்கு வெளியே நிற்பார். ஆம்புலன்சில் ஒருநாள்கூட ஏறாமல், தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டிப் படித்தவர் உள்ளே இருப்பார்.

இன்னொரு கணக்கையும் போடுங்கள். 12 மணி நேர வேலை, மாதம் 25 நாள் என்றால் 300 மணி நேரம். ஏழு மாதத்தில் 2100 மணி நேரம். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு முடியும் முன்பே, சட்டம் கேட்கிற மணிக்கணக்கை அவர் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து கழித்துவிடுகிறார். அந்த மணிநேரங்களைக் கணக்கில் சேர்ப்பதா, வேண்டாமா? சண்டையே இதுதான்.

கணக்கில் சேர்க்க முடியாது, அது தரத்தைக் குறைத்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். அவர்களுக்கு வரலாற்றை நினைவூட்ட வேண்டும். 1948இல் பல் மருத்துவர் சட்டம் வந்தது. பட்டம் இல்லாமலே பல் மருத்துவத்தைப் பிழைப்பாகக் கொண்டு 5 ஆண்டுகள் தொழில் செய்தவர்களுக்காகப் பதிவேட்டில் 'பி' என்று ஒரு பகுதியையே ஒதுக்கினார்கள். அதே 1948இல் மருந்தியல் சட்டம் வந்தது. மருத்துவமனையிலோ டிஸ்பென்சரியிலோ 5 ஆண்டுகள் மருந்து கலந்து கொடுத்த கம்பவுண்டர்கள் முதல் பதிவேட்டில் இடம்பெற அந்தச் சட்டம் வழி செய்தது. புதிதாக ஒரு தொழிலைச் சட்டத்துக்குள் கொண்டுவரும்போது, ஏற்கெனவே அதைச் செய்துகொண்டிருப்பவர்களுக்கு ஒரு வழி விடுவது இந்தியச் சட்டத்துக்குப் புதிதல்ல. கம்பவுண்டருக்குக் கொடுத்ததை இ.எம்.டி.க்கும் கொடு என்றுதான் கேட்கிறோம்.

வழி விடாமல் கதவை அடைத்த வரலாறும் நம்மிடம் இருக்கிறது. மதராஸ் மாகாணத்தில் 1926இல் செவிலியர், மகப்பேறு உதவியாளர் சட்டம் வந்தது. அதற்கு முன்பு தலைமுறை தலைமுறையாக ஊருக்கெல்லாம் பிரசவம் பார்த்தவர்கள் யார்? மருத்துவர் சமூகத்துப் பெண்கள், ஒடுக்கப்பட்ட சாதிகளின் பெண்கள். ரத்தமும் நஞ்சுக்கொடியும் தீட்டு என்று சொல்லி அந்த வேலையை அவர்கள் தலையில் கட்டியது சாதி. அந்த வேலைக்கு மரியாதையும் சம்பளமும் சான்றிதழும் வந்தபோது, எழுதப் படிக்க வாய்ப்பில்லாத அந்தப் பெண்கள் ஏட்டுக்கு வெளியே நின்றார்கள். மருத்துவச்சி என்ற சொல்லே கேலிச் சொல்லாகிப்போனது. பிரசவங்கள் பாதுகாப்பானதாக மாறியது நல்லது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அவர்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்களையே பதிவேட்டில் ஏற்றும் வேலை போதிய அளவில் நடக்கவில்லை. வேலை அசுத்தமாக இருக்கும்வரை நம்முடையது, கௌரவமாக மாறியதும் அடுத்தவருடையது.

இது இந்தியாவில் மட்டும் நடந்த கதையும் அல்ல. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஹில் டிஸ்ட்ரிக்ட் என்று கறுப்பின மக்கள் வாழும் பகுதி. 1960களில் அங்கே யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் போலீஸ் வண்டிதான் வரும். தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு போவார்கள், வழியில் சிகிச்சை எதுவும் கிடையாது. 1967இல் ஃப்ரீடம் ஹவுஸ் என்ற அமைப்பு, வேலையில்லாத கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. இதய இயக்க மீட்பு முறையான சி.பி.ஆர்.ஐ உருவாக்கியவர்களில் ஒருவரான டாக்டர் பீட்டர் சாஃபர் அவர்களுக்குச் சுமார் 300 மணி நேரப் பயிற்சி கொடுத்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள்கூட அவர்களில் இருந்தார்கள். இவர்களால் முடியாது என்று சமூகம் எழுதி ஒதுக்கியவர்கள்தான் அமெரிக்காவின் முதல் பாராமெடிக்குகளில் அடங்குவார்கள். பின்னர் அங்கே மருத்துவ இயக்குநராக இருந்த டாக்டர் நான்சி கரோலின் உருவாக்கிய பாடத்திட்டம் நாடு முழுமைக்கும் முன்மாதிரியானது.

அப்புறம் என்ன நடந்தது? 1975இல் நகர நிர்வாகம் அந்தச் சேவையை மூடிவிட்டுச் சொந்தமாக ஒன்றைத் தொடங்கியது. ஃப்ரீடம் ஹவுஸ் ஆட்களை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். எடுத்துக்கொண்டு, புதிய தேர்வுகள் வைத்தார்கள், பழைய வழக்குகளைத் தோண்டினார்கள், மருத்துவம் சாராத வேலைகளில் போட்டார்கள். இந்தத் தொழிலைக் கண்டுபிடித்தவர்களே அந்தத் தொழிலுக்குத் தகுதியற்றவர்களாகிப் படிப்படியாக வெளியேறினார்கள். நிறத்தைக் காட்டி யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. தகுதி என்ற சொல்லே அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டது. இடஒதுக்கீட்டுக்கு எதிராக அந்தச் சொல் எப்படி வீசப்படுகிறது என்று தெரிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, வழி என்ன? தற்காலிகப் பதிவு. இது நடக்காத காரியமில்லை. 2020இல் கொரோனா வந்து செய்முறைத் தேர்வுகள் நின்றுபோனபோது, எழுத்துத் தேர்வில் மட்டும் தேறியவர்களுக்கு அமெரிக்காவின் தேசியப் பதிவகம் தற்காலிகச் சான்றிதழ் கொடுத்தது. 2021 மே மாதம் இந்தியாவில் இரண்டாம் அலை அடித்தபோது, இறுதியாண்டு எம்.பி.பி.எஸ். மாணவர்களை மருத்துவர்களின் மேற்பார்வையில் பணியில் ஈடுபடுத்தலாம் என்று ஒன்றிய அரசே சொன்னது. நெருக்கடி வந்தால் விதிகள் வளையும். மேல்மலைக்கு நெருக்கடி 365 நாளும் இருக்கிறது.

ஆனால் தற்காலிகம் என்ற சொல்லைக் கேட்டதும் கைதட்டிவிட வேண்டாம். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. கொரோனா காலத்தில் தற்காலிகமாக எடுக்கப்பட்ட செவிலியர்களில் 2,000க்கும் மேற்பட்டவர்களுக்கு 2022 டிசம்பர் 31க்குப் பிறகு பணி நீட்டிப்பு இல்லை என்றார்கள். கவச உடைக்குள் வெந்து வேலை செய்தவர்கள் போராட்டப் பந்தலுக்கு வந்தார்கள். தற்காலிகம் என்பது தொழிலாளிக்கு மட்டும் கெடு வைக்கிற சொல்லாக இருந்தால், அது நமக்கு வேண்டாம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. மலைக்காரர்களுக்கும் பழங்குடிகளுக்கும் அரைகுறைப் பயிற்சி பெற்றவர்கள் போதும், நகரத்துக்கு முழுத் தகுதி பெற்றவர்கள் என்று ஒரு நிரந்தர ஏற்பாடாக அது மாறிவிடலாம். அது தீண்டாமையின் இன்னொரு வடிவம். தரம் வேண்டாம் என்று நாம் ஒருநாளும் சொல்லக்கூடாது. சின்னூரில் டோலியில் வரும் பளியர் பெண்ணுக்கு, அண்ணா நகரில் இருப்பவருக்குக் கிடைக்கும் அதே தரம் வேண்டும். தரம் வேண்டும் என்பதால்தான் சொல்கிறோம், அனுபவசாலிகளைத் துரத்திவிட்டுத் தரத்தைக் கொண்டுவர முடியாது. மலைப்பாதையை அறிந்தவரை அனுப்பிவிட்டால், பட்டயத்தோடு வருகிற புதியவர் ஆறு மாதத்தில் மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார். வண்டி காலியாக நிற்கும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. ஒன்று, 108இல் இப்போது பணியில் இருக்கும் ஒவ்வோர் இ.எம்.டி.க்கும் விண்ணப்பித்த அன்றே தற்காலிகப் பதிவு. அதில் அவர் என்னென்ன சிகிச்சை செய்யலாம் என்பது தெளிவாக எழுதப்பட வேண்டும். இரண்டு, பணியாற்றிய மணிநேரங்களைக் கல்வி நேரமாகக் கணக்கிட்டு, மிச்சம் உள்ளதற்கு ஓர் இணைப்புப் படிப்பு. அது சம்பளத்தோடு, வேலை நேரத்தில், திண்டுக்கல், தேனி அரசு மருத்துவக் கல்லூரிகளிலேயே நடக்க வேண்டும். கட்டணம் வாங்கும் தனியார் கல்லூரியின் வாசலுக்கு அவர்களைத் தள்ளக்கூடாது. மூன்று, தேர்வு தமிழிலும் இருக்க வேண்டும், செய்முறைக்கு அதிக மதிப்பெண் வேண்டும். நான்கு, கெடு அரசுக்கும் வேண்டும். குறித்த காலத்துக்குள் படிப்பையும் தேர்வையும் அரசு நடத்தாவிட்டால், அந்தத் தாமதத்துக்காகத் தொழிலாளியின் பதிவு காலாவதியாகக் கூடாது. ஐந்து, நிரந்தரப் பதிவு பெற்றவருக்கு நிரந்தரப் பணி. பதிவேட்டில் நிரந்தரம், சம்பளப் பட்டியலில் ஒப்பந்தம் என்பது ஏமாற்று வேலை.

இதில் விடுபட்டுப்போகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுநர். பைலட் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் சட்டத்தின் அட்டவணையில் அவர் இல்லை. ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடிப்பவரும், நெஞ்சை அழுத்தும்போது இ.எம்.டி.க்குக் கை மாற்றிவிடுபவரும் அவர்தான். அவருக்கும் அடிப்படை மருத்துவப் பயிற்சியும் சான்றும் வேண்டும். இன்னொருவர் டோலி தூக்குபவர். சாலை இல்லாத ஊரில் முதல் ஆம்புலன்ஸ் அவருடைய தோள்தான். அவருக்கு ஒரு ரூபாய் கூலியும் இல்லை. பாம்புக்கடிக்கு என்ன செய்யக்கூடாது, முதுகெலும்பு அடிபட்டவரை எப்படித் தூக்க வேண்டும் என்று அவருக்கு முறையாகக் கற்றுக்கொடுத்து, முதல் உதவியாளர் என்று அங்கீகரித்து, மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். கூடவே சாலையும் போட வேண்டும். டோலி தூக்குபவருக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டோம், இனி சாலை எதற்கு என்று யாரும் கேட்டுவிடக்கூடாது.

தோழர்களே, 2024 மே 7 முதல் இந்த மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். எத்தனை கார் ஏறுகிறது என்று அரசுக்கு இப்போது தெரியும். இந்த மலையில் எத்தனை 108 வண்டிகள் ஓடுகின்றன, ஒவ்வொன்றிலும் என்ன தகுதி கொண்டவர் இருக்கிறார், ஒரு வண்டி மேல்மலைக் கிராமத்தைச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் அரசு சொல்லட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாயில் கேட்கலாம். உங்கள் ஊராட்சிக் கிராம சபையில் தீர்மானம் போடலாம். அடுத்த முறை 108 தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுப் பந்தல் போடும்போது, அது அவர்களுடைய சம்பளப் பிரச்சினை என்று கடந்து போகாமல் பக்கத்தில் போய் உட்காருங்கள். பதிவேடு எழுதி முடிக்கப்படுவதற்குள் அதில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று நாம் சொல்லியாக வேண்டும்.

ஜெய் பீம்.